சம்பளம் வாங்காத நைட் ஷிஃப்ட்!

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பி.எஃப். பிடித்தம் இல்லாமல், ஈ.எஸ்.ஐ. கார்டு கேட்காமல், சனிக்கிழமை சாயங்காலம் சம்பளத்துக்கு க்யூவில் நிற்காமல் வருஷம் முழுக்க நைட் ஷிஃப்ட் பார்க்கிற கோஷ்டி ஒன்று இருக்கிறது. செக்கிங் டேபிளுக்கு அடியில், கட்டிங் வேஸ்ட் மூட்டைக்குள், அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே... லைட்டை அணைத்துப் பத்து நிமிஷம் ஆனால் போதும், டியூட்டியில் சேர்ந்துவிடுவார்கள்.

எலிகள்!

'பனியன் துணியைத் தின்னு எலிக்கு என்னய்யா கிடைக்கப் போகுது?' என்று நீங்கள் கேட்கலாம். தின்பதில்லை. துணி அதற்கு டிபன் இல்லை, மெத்தை. குட்டி போடும் முன் தாய் எலி மெத்தென்று ஒரு இடம் தேடும். எக்ஸ்போர்ட் குவாலிட்டி காட்டனில் பிரசவம் பார்த்துக்கொள்ளும் யோகம் வேறு எந்த ஊர் எலிக்குக் கிடைக்கும்? தவிர, எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. வருஷத்துக்கு நாலைந்து அங்குலம். எதையாவது கொறித்துத் தேய்த்தாக வேண்டும். ஒயரோ, அட்டையோ, பி.வி.சி. பைப்போ, ஆர்டர் போட்டு வாங்கிய காலர் ரிப்போ, அதற்குப் பேதமில்லை.

காதர்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் கட்டிங் மாஸ்டர் எனக்கு ஒரு ரோலைப் பிரித்துக் காட்டினார். எலி கடித்தது என்னவோ ஒரே இடத்தில்தான். ஆனால் துணி சுருட்டியல்லவா இருக்கிறது! பிரிக்கப் பிரிக்க, ஒரு சுற்றுக்கு ஒன்று வீதம் ஓட்டை வந்துகொண்டே இருந்தது, ரயில் பாதையில் மைல் கல் மாதிரி.

"ஒரு கடிதானுங்க. பதினோரு ஓட்டை. எண்ணிக்கோங்க" என்றார்.

நான் பி.காம். ஆசாமி. இந்த மாதிரிக் கணக்கைக் கேட்டால் கை தானாகப் பேனாவைத் தேடும். துணி நஷ்டம், மறுபடி கட்டிங், ஷிப்மென்ட் தாமதம் என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். அந்த நஷ்டத்தை முதலாளி எப்படியாவது எங்கேயாவது சரிக்கட்டிவிடுவார். சரிக்கட்ட முடியாத கணக்கு வேறு ஒன்று இருக்கிறது. அது டாக்டரிடமும், மருந்துக்கடையிலும், சில சமயம் போலீஸ் ஸ்டேஷனிலும் முடிகிற கணக்கு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் எதிராளியின் பலத்தைப் பார்த்துவிடுவோம். எலிக்கு கர்ப்பம் மூன்று வாரம். ஒரு ஈற்றுக்கு ஆறு, எட்டுக் குட்டி. அதில் பிறந்த பெண் எலி மூன்று மாசத்தில் தானும் தாயாகிவிடும். 'வட்டி குட்டி போடும்' என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, இங்கே குட்டியே வட்டி! ஏட்டுக் கணக்கில் ஒரு ஜோடி, வருஷம் முடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டும். நிஜத்தில் தாண்டுவதில்லை. சாப்பாடும் தங்க இடமும் அந்த அளவுக்குக் கிடைக்காததுதான் காரணம். இந்த வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

சாப்பாட்டுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சம் கிடையாது. ஒரு எலிக்கு நாளைக்கு 25 கிராம் இருந்தால் போதும். டீ டயத்தில் உதிர்ந்த பன், முறுக்குத் தூள், டிபன் பாக்ஸ் கழுவிய இடத்தில் தேங்கிய சோறு, இதிலேயே ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ளும். பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறிக்குப் போனால் இன்னும் விசேஷம். பாவுக்குக் கஞ்சி போடுகிறார்களே, அந்தக் கஞ்சியே சாப்பாடு, நூல் தொடுகறி. காங்கயத்தில் அரிசி ஆலையும் கொப்பரையும், பல்லடத்தில் கோழித் தீவனம்... ஊருக்கு ஊர் மெஸ் நடக்கிறது.

துணி மூட்டையில் வந்த சாவு

தையல்காரர்கள் ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு தையல்காரர் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1665-ம் வருஷம். இங்கிலாந்தில் டர்பிஷயர் பகுதியில் ஈயம் என்று ஒரு சின்ன கிராமம். அங்கே ஒரு தையல்காரருக்கு லண்டனிலிருந்து துணி மூட்டை வந்தது. லண்டனில் அப்போது பிளேக் நோய். துணி ஈரமாக இருந்ததால் ஜார்ஜ் விக்கார்ஸ் என்ற உதவியாளர் அதைப் பிரித்து நெருப்புக்குப் பக்கத்தில் உலர்த்தினார். மூட்டைக்குள் இருந்த தெள்ளுப்பூச்சிகளுக்கு அந்தச் சூட்டில் சுறுசுறுப்பு வந்துவிட்டது. சில நாளில் விக்கார்ஸ் போனார். பிறகு ஒவ்வொரு வீடாக. ஊர்ப் பாதிரியார் வில்லியம் மோம்பெசன் பேச்சைக் கேட்டு, பக்கத்து ஊர்களுக்குப் பரவாமல் இருக்க, ஊரே எல்லையைப் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தது. அடங்குவதற்குள் சுமார் 260 பேர் செத்துப்போனார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

எலிக்கும் இதற்கும் முடிச்சு இருக்கிறது என்று கண்டுபிடிக்க இன்னும் இருநூற்றுச் சொச்சம் வருஷம் ஆயிற்று. 1894-ல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் யெர்சின் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1898-ல் கராச்சியில் (அப்போது நம்ம தேசம்தான்!) பால் லூயி சைமண்ட் என்ற பிரெஞ்சு டாக்டர், எலியிலிருந்து நோயைச் சுமந்து போவது தெள்ளுப்பூச்சி என்று பரிசோதனையில் காட்டினார். எலி செத்தால் உடம்பு ஆறிவிடும். பூச்சி புது வாடகை வீடு தேடும். பக்கத்தில் படுத்திருப்பவர் நாம்.

இது ஏதோ வெள்ளைக்காரன் ஊர் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். 1896-ல் பம்பாயில் இறங்கிய பிளேக், மூட்டைகளோடும் ரயிலோடும் ஊர் ஊராகப் போயிற்று. போன நூற்றாண்டின் முதல் பாதியில் கோவை வட்டாரத்தைத் திரும்பத் திரும்ப உலுக்கியது. கோவைப் பக்கம் 'பிளேக் மாரியம்மன்' கோயில்கள் இன்றைக்கும் இருக்கின்றன, போய்ப் பாருங்கள். வீட்டுக்குள் எலி செத்து விழுந்தால் அடுப்பைக்கூட அணைக்காமல் ஊரைக் காலி செய்து, வெளிக்காட்டில் குடிசை போட்டுத் தங்கிய கதை பழைய ஆட்கள் வழியாக வந்திருக்கிறது. அந்த அம்மனுக்கு ஆங்கிலத்தில் பெயர் வைக்கும் அளவுக்குப் பயந்திருக்கிறார்கள்.

அப்புறம் சூரத். 1994 செப்டம்பர். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். லட்சக்கணக்கான பேர் கிடைத்த ரயிலில் ஏறி ஓடினார்கள். மருந்துக்கடைகளில் டெட்ராசைக்ளின் தீர்ந்துபோயிற்று. வளைகுடா நாடுகள் விமானத்தை நிறுத்தின. சூரத் எப்படிப்பட்ட ஊர்? துணி ஊர். வெளி மாநிலத்திலிருந்து பையன்கள் வந்து, ரூமுக்கு எட்டுப் பேர் தங்கி, ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட் வேலை பார்க்கிற ஊர். மழை வெள்ளம், அள்ளாத குப்பை, நிரம்பிய சாக்கடை. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிவிட்டு இந்தப் பாராவை இன்னொரு முறை படியுங்கள், உங்களுக்கே கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

1995-ல் அங்கே கமிஷனராக வந்தவர் எஸ்.ஆர்.ராவ். மனுஷன் எலியைத் துரத்திக்கொண்டு ஓடவில்லை. குப்பையைப் பிடித்தார். அதிகாரிகளை ஏ.சி. ரூமிலிருந்து கிளப்பித் தினம் காலையில் தெருவில் நிற்க வைத்தார். நாட்டின் படு சுத்தமான ஊர்களில் ஒன்று என்று ஒன்றிரண்டு வருஷத்தில் சூரத்துக்குப் பெயர் வந்துவிட்டது. திருப்பூரில் 2025-ல் குப்பையைப் பாறைக்குழியில் கொட்டாதே என்று சுற்றுப்பட்ட ஊர்க்காரர்கள் மறியல் செய்ததைப் பார்த்தவர்களுக்கு, இது எத்தனை பெரிய சாதனை என்று புரியும்.

பிளேக் இன்று பயமுறுத்துகிற அளவில் இல்லை. 2002-ல் இமாசலப் பிரதேசத்திலும் 2004-ல் உத்தரகாண்டிலும் தலைகாட்டிவிட்டு அடங்கியது. சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தும் இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் நிஜமாகக் கவலைப்பட வேண்டியது சத்தமில்லாத ஒரு தம்பியைப் பற்றி.

சாதா காய்ச்சல் மாதிரியே வரும்

எலிக் காய்ச்சல். டாக்டர் பாஷையில் லெப்டோஸ்பைரோசிஸ். கிருமி எலியின் சிறுநீரகத்தில் சொந்த வீடு மாதிரி குடியிருக்கும். எலிக்கு ஒன்றும் ஆகாது, தலைவலிகூட வராது. அது போகிற இடமெல்லாம் சிறுநீர் விட்டுக்கொண்டே போகும், கிருமியும் கூடவே இறங்கும். ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். வெறுங்காலில் ஒரு சின்ன வெடிப்பு, கையில் கத்தரி பட்ட கீறல் போதும், உள்ளே நுழைந்துவிடும். கண், மூக்கு, வாய் வழியாகவும் வரும். வறண்ட இடமும் வெயிலும் அதற்கு ஆகாது. பிளீச்சிங் பவுடரும் ஆகாது.

உலகம் முழுக்க வருஷத்துக்குச் சுமார் பத்து லட்சம் பேரை இது பிடிக்கிறது. அதில் ஏறக்குறைய 59,000 பேர் இறக்கிறார்கள் என்று 2015-ல் வெளியான ஒரு ஆய்வு மதிப்பிட்டது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு பக்கத்து வீட்டு கேரளத்தில் இது கிளம்பியபோது, தண்ணீரில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையை அரசாங்கமே வாரா வாரம் கொடுத்தது. பாலக்காட்டுக்கும் நமக்கும் நடுவே எலிக்கு செக்போஸ்ட் கிடையாது.

இதில் வில்லங்கமே, இது சாதா காய்ச்சல் வேஷத்தில் வருவதுதான். கிருமி நுழைந்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துத் திடீரென்று காய்ச்சல், தலைவலி, குளிர். கூடவே இரண்டு அடையாளம்: கண் சிவந்திருக்கும், ஆனால் பீளை கட்டாது, கெண்டைக்கால் சதையைத் தொட்டால் உயிர் போகும். சிலருக்கு இரண்டு மூன்று நாளில் விட்டுவிடும். 'சரியாப் போச்சு' என்று வேலைக்குக் கிளம்பினால், மறுபடி வந்து ஈரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். பத்தில் ஒருவருக்கு இப்படி முற்றலாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் வைத்தியம் பெரிய செலவில்லை, சாதாரண ஆன்டிபயாடிக்தான். முற்றினால் டயாலிசிஸ்.

இப்போது நம் டெய்லர் பையனை நினைத்துப் பாருங்கள். பீஸ் ரேட். ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போச்சு. காய்ச்சல் வந்தால் தெருமுனையில் ஒரு ஊசி, நாலு மாத்திரை, மதியம் மெஷினில். ஜம்மனை ஓடைப் பக்கம் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து போன சங்கதியை அவன் டாக்டரிடம் சொல்ல மாட்டான். டாக்டருக்கு வெளியே நாற்பது பேர், அவரும் கேட்க மாட்டார். டெங்கு டெஸ்ட் எடுப்பார்கள். இல்லை என்று வந்தால், 'வைரல்தான், ரெஸ்ட் எடு'. ரெஸ்ட் எங்கே எடுப்பது?

ஆகவே, பல்லவியாக ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "டாக்டர், எங்க இடத்துல எலி ஜாஸ்தி, போன வாரம் தேங்கின தண்ணியில நின்னேன்." இதைக் கேட்டால் எந்த டாக்டரும் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்ப்பார். டெஸ்ட் எழுதுவார்.

இன்னொன்றும் இருக்கிறது, ஸ்க்ரப் டைபஸ். எலி உடம்பிலும் புதரிலும் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. அதுவும் அக்குள், இடுப்பு என்று வெளியே காட்டாத இடங்களில். தமிழ்நாட்டில் இது அபூர்வமே இல்லை. இதற்கும் டாக்ஸிசைக்ளின் கேட்கும், தாமதிக்காமல் போனால்.

நடுவே ஒரு சின்ன விலகல். விநாயகர் ஏறி வருகிற மூஞ்சூறு, எலி ஜாதியே இல்லை. கரப்பான், பூச்சி தின்கிற வேறு குடும்பம். ஆனால் அதையும் கொஞ்ச வேண்டாம். 1964-ல் வேலூரில் தோட்டப்பாளையம் என்ற இடத்தில் பிடிபட்ட ஒரு மூஞ்சூறின் உடம்பில் ஒரு வைரஸ் கிடைத்தது. அதற்குத் 'தோட்டப்பாளையம் வைரஸ்' என்றே உலகம் பூராவும் பெயர். கொரியாவில் ஹன்டா வைரஸ் என்று ஒன்றைக் கண்டுபிடித்து ஊர் அல்லோலகல்லோலப்பட்டது பின்னால்தான். நம்ம வேலூர்க்காரர் அதே ஜாதியில் மூத்தவர். இன்றுவரை பெரிய அட்டகாசம் ஏதும் செய்யவில்லை என்பதால் விட்டுவிடுவோம்.

ஃபைலுக்குள் இருக்கிறது கன்ட்ரோல்

எக்ஸ்போர்ட் கம்பெனி என்றால் வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருவார். 'பெஸ்ட் கன்ட்ரோல் ரெக்கார்டு இருக்கா?' என்பார். இருக்கும். கட்டட வரைபடத்தில் நம்பர் போட்ட கறுப்புப் பெட்டிகள், மாசம் இரண்டு விசிட், கையெழுத்து, சீல். நான் பார்த்த ஃபைல்கள் கல்யாண ஆல்பத்தை விட நேர்த்தியாக இருந்தன.

மருந்து வைக்க வருகிற தம்பி ஒருவரோடு ஒரு நாள் கூடவே சுற்றினேன். குனிந்து ஒரு பெட்டியைச் சாவி போட்டுத் திறந்தார். உள்ளே நீலக் கலர் கேக் பல்லே படாமல் அப்படியே இருந்தது.

"சாப்பிடலீங்களா?" என்றேன், கல்யாண வீட்டில் கேட்கிற மாதிரி.

"எப்படீங்ணா சாப்புடும்? அக்கட்டால பாருங்க" என்று காட்டினார். நாலடி தள்ளி, ஜெனரேட்டர் ரூம் வாசலில், யாரோ தின்றுவிட்டுப் போட்ட பொட்டலத்தில் பாதி வடை. "வடை கிடக்கறப்போ எவனாச்சும் மருந்து சாப்புடுவானுங்களா? இதைச் சொன்னா சூப்பர்வைசர், 'நீ மருந்து வெக்க வந்தியா, எனக்குப் பாடம் நடத்த வந்தியா'ங்கறார்."

அந்தத் தம்பி சொன்னதைத்தான் 1940-களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் வருஷக்கணக்காக எலி எண்ணிய விஞ்ஞானிகளும் சொன்னார்கள். தெருவில் பாதி எலியைக் கொன்று பார்த்தார்கள். மிச்சம் இருந்ததுகளுக்குச் சாப்பாடு டபுள் ரேஷன் ஆயிற்று. சில மாசத்தில் பழைய எண்ணிக்கை. குப்பையையும் பதுங்கும் இடத்தையும் குறைத்தபோது எண்ணிக்கை இறங்கி, இறங்கியபடியே நின்றது. ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த வரி இதுதான்.

பூனை வளர்க்கலாமா என்று கேட்பீர்கள். நியூயார்க்கில் ஒரு குப்பை மறுசுழற்சிக் கூடத்தில் கேமரா வைத்து 79 நாள் பார்த்தார்கள். எலிகள் நூற்றுக்கு மேல், சுற்றிலும் பூனைகள். மொத்தம் கொன்றது இரண்டே எலி! 2018-ல் வந்த ஆராய்ச்சி. பூனை இருந்தால் எலி ஒளிந்து நடக்கும், நமக்குக் கண்ணில் படாது, அவ்வளவுதான். ப்ளக்கில் செருகினால் நமக்குக் கேட்காத சத்தம் போட்டு எலியைத் துரத்துமாம், அப்படி ஒரு சாதனம் விளம்பரத்தில் வருகிறதே? 2001-லேயே அமெரிக்க வணிகக் கமிஷன், 'நிரூபணம் எங்கே?' என்று அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பசை அட்டையில் எலி ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க கத்திச் சாகும்; கொடுமை என்று பல மாநிலங்கள் தடை போட்டிருக்கின்றன. கூண்டு வைத்துப் பிடித்து அடுத்த தெருவில் போய் விடுவது நம் தேசிய விளையாட்டு. அடுத்த தெருக்காரரும் அதே விளையாட்டு ஆடுகிறார் என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்த விஷயத்தில் நம் தாத்தாக்கள் தேவலை. தஞ்சாவூர்ப் பக்கம் வயலில் மூங்கில் வில்லால் செய்கிற 'கிட்டி' இருக்கிறதே, விஷம் கிடையாது, கரண்ட் கிடையாது, தப்புகிற எலி குறைவு. இருளர்கள் வளையைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா, எந்தப் பக்கம் வெளியே வரும் என்று சொல்லிவிடுவார்கள்.

கவுண்ட்டரில் தொங்கிய எமன்

விஷத்துக்கு வருவோம். எலி புத்திசாலி. புதிதாக ஒரு வஸ்து வந்தால் இரண்டு நாள் தள்ளி நின்று பார்க்கும். ஜிங்க் பாஸ்பைடு மாதிரி உடனே வேலை காட்டுகிற மருந்தைக் கொஞ்சம் தின்று உயிர் பிழைத்த எலி, ஆயுசுக்கும் அந்த வாசனையைத் தொடாது. அதற்கு வாந்தி எடுக்க வராது என்பதால்தான் சாப்பாட்டில் இவ்வளவு உஷார். இதற்குப் பதிலாக வந்ததுதான் ரத்தம் உறையாமல் செய்து மூன்று நாலு நாள் கழித்துக் கொல்கிற ரகம். அதில் முதல் பெயர் வார்ஃபரின். அமெரிக்காவில் விஸ்கான்சின் பக்கம் கெட்டுப்போன தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன; காரணம் தேடிப் போய்க் கண்டுபிடித்த மருந்து 1948-ல் எலிக்கு விற்பனைக்கு வந்தது. அப்புறம் அதையே அளவாக மனுஷனுக்கும் கொடுத்தார்கள், ரத்தக்கட்டு வராமல் இருக்க. ஜனாதிபதி ஐசனோவரே 1955-ல் ஹார்ட் அட்டாக்குக்குப் பிறகு சாப்பிட்டார். எலி மருந்து தின்று தேறிய ஜனாதிபதி! இந்த ரகத்தில் இப்போது புரோமடியோலோன். நம் தம்பி வைத்த நீலக் கேக் அதுதான். தவறி மனுஷன் தின்றால் வைட்டமின் கே என்று மாற்று மருந்து இருக்கிறது.

மாற்று மருந்தே இல்லாதது வேறு ஒன்று. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை. பற்பசை மாதிரி ட்யூபில், ஷாம்பு சாஷேக்குப் பக்கத்தில், பெட்டிக்கடைக் கவுண்ட்டரில் தொங்கிக்கொண்டிருந்தது. இதைத் தின்று செத்த எலிகளை விடச் செத்த மனிதர்களைப் பற்றித்தான் தமிழ்நாட்டு டாக்டர்கள் அதிகம் எழுதியிருக்கிறார்கள். காதல் தோல்வி, கடன், வீட்டில் சண்டை, பெரும்பாலும் இளவட்டங்கள். கொங்கு நாட்டுக்கு ஏற்கெனவே சாணிப்பவுடர் என்ற சனியன் வேறு உண்டு. வாசல் தெளிக்கச் சாணிக்குப் பதிலாக வந்த சாயம். எத்தனை வீட்டு வாசலை இருட்டடித்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். 2022-ல் தமிழக அரசு இரண்டின் மேலும் கண் வைத்தது. பிறகு மஞ்சள் பாஸ்பரஸ் பசைக்குத் தடையும் வந்தது.

தடை வந்தாலும் பழைய சரக்கு அட்டாலியில் கிடக்கும். அதனால் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இதில் முதல் நாள் லேசாக வயிற்றைப் புரட்டும், அப்புறம் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆள் சிரித்துப் பேசுவான். அந்த நேரத்தில் உள்ளே ஈரல் போய்க்கொண்டிருக்கும். 'நல்லாத்தானே இருக்கான்' என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. தெரிந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரி, கையில் அந்த ட்யூபோடு. ரூமில் கூடத் தங்குகிற நண்பன் நாலு நாளாகச் சரியாகப் பேசவில்லை என்றால், எலி மருந்து எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்து எடுத்து எறிந்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். 104-க்கு போன் போட்டால் பேச ஆள் இருக்கிறார்கள்.

வேண்டுமென்று சாப்பிட்டால்தான் ஆபத்து என்றும் இல்லை. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு வீட்டில் பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்கள் எலி மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். ராத்திரி ஏ.சி. போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு குடும்பம் தூங்கியது. விடிவதற்குள் மூச்சுத் திணறல், வாந்தி. இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்துபோனார்கள். தாய் தகப்பன் ஆஸ்பத்திரியில். ஈரம் பட்டால் விஷவாயுவாக மாறுகிற பாஸ்பைடு மருந்துகள் உண்டு. குடோனுக்கும் வயல் வளைக்கும் உள்ள அந்தச் சமாசாரத்தை, ஆள் தூங்குகிற அறைக்குள், அது ஹாஸ்டலோ லைன் வீடோ, யார் வைக்க வந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

அப்புறம் என்னதான் செய்வது?

கேட்டால் சப்பென்று இருக்கும். கட்டிங் வேஸ்ட்டை அன்றன்றைக்கு மூட்டை கட்டி வெளியேற்ற வேண்டும். ரோலும் பெட்டியும் தரையில் உட்காரக் கூடாது, பலகை மேல் நிற்க வேண்டும். சுவருக்கும் அடுக்குக்கும் நடுவே ஒன்றரை அடி சந்து வேண்டும், டார்ச் அடித்துப் பார்க்க. எலி நடு ஹாலில் நடக்காது, சுவரை உரசிக்கொண்டே போகும். அதனால் பொறியை சுவரை ஒட்டி வைக்க வேண்டும். சாப்பாடு ஒரே இடத்தில், மூடி போட்ட டிரம்மோடு. கதவுக்கு அடியில் தகரம். பேனா நுழைகிற ஓட்டையில் சுண்டெலி நுழையும் என்பதால், பைப் போகிற ஓட்டையெல்லாம் பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரைத் திணித்து மேலே சிமென்ட். இரும்பு நாரைக் கடிக்க அதற்குப் பிடிக்காது. எலிப் புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்கக் கூடாது. பிளீச்சிங் தண்ணீர் தெளித்துக் கொஞ்ச நேரம் விட்டு, கையுறையோடு துடைக்க வேண்டும். செத்த எலியை வாலைப் பிடித்துத் தெருவில் வீசும் வீர சாகசம் வேண்டாம்.

கம்பெனிக்காவது ஆடிட் உண்டு. லைன் வீட்டுக்கு எந்த பையர் வந்து ஆடிட் பண்ணப் போகிறார்? வருஷத்துக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்கிற ஊரில், அதைத் தைக்கிறவர்கள் படுத்திருப்பது பத்துக்குப் பத்து அறையில், அடுப்புக்கும் தலையணைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளியில். பின்னால் திறந்த சாக்கடை.

பதினைந்து வேலம்பாளையம் பக்கம் ஒரு லைன் வீட்டில் ஆறு குடித்தனம். போன ஐப்பசி மழையில் இரண்டு பேருக்கு அடுத்தடுத்துக் காய்ச்சல். ஒருத்தருக்கு எலிக் காய்ச்சல் என்று ரிப்போர்ட் வந்தது. பன்னிரண்டு நாள் படுத்து எழுந்தார். அதற்கப்புறம் ஆறு வீடும் சேர்ந்து சனிக்கிழமை சம்பளத்தில் தலைக்கு நூறு ரூபாய் போட்டார்கள். சாக்கடை வாய்க்கு இரும்பு ஜாலி, பொதுக் குளியலறை பைப் ஓட்டைகளுக்கு நாரும் சிமென்ட்டும், வாசலில் மூடி போட்ட ஒரு டிரம். கொத்து வேலை தெரிந்த ஒரு ஒடிசாப் பையன் கூலி வாங்காமல் பூசிக்கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை அரை நாள் வேலை.

"ஓனரம்மாகிட்டச் சொன்னோமுங்க" என்றார், காய்ச்சலில் படுத்து எழுந்தவர். "காசைக் குடுப்பாங்கன்னு பாத்தோம். வந்து நின்னு எல்லாத்தையும் பாத்தாங்க. நீங்க காலி பண்ணிப் போறப்ப இந்த ஜாலியக் கழட்டிட்டுப் போக மாட்டீங்கல்லன்னு மட்டும் கேட்டாங்க."